மணி வளைவு வரையறது ஈஸி. அதை எப்போ நம்பலாம்?

  இது எபிசோடோட திருத்தின எழுத்து வடிவம். 'ம்ம்', 'ஆங்' எல்லாம் வெட்டியாச்சு. கணக்கு மட்டும் அப்படியே இருக்கு.

இன்னைக்கு டாபிக் நார்மல் டிஸ்ட்ரிப்யூஷன். ஐடில வேலை பார்க்கிறவங்க இதை 'பெல் கர்வ்'ங்கிற பேர்லதான் கேட்டிருப்பீங்க, அதுவும் அப்ரைசல் மாசத்துல. ப்ளஸ் டூ புத்தகத்துல இதுக்கு 'இயல்நிலைப் பரவல்'னு பேரு. படம் பார்க்க மணி மாதிரி இருக்கும். நடுவுல மேடு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிவு.

எபிசோட் ரெண்டு பாதி. முதல் பாதில பவர் பிஐ மாதிரி ஒரு பிசினஸ் இன்டெலிஜென்ஸ் டூல்ல இந்த வளைவை எப்படி ஒழுங்கா வரையறதுன்னு பார்ப்போம். ரெண்டாவது பாதில, வரைஞ்ச வளைவை எப்போ நம்பலாம், எப்போ நம்பக்கூடாதுன்னு பார்ப்போம். அந்த ரெண்டாவது பாதில உங்க இன்க்ரிமென்ட்டும் இருக்கு, அதனால பாதில எழுந்து போயிடாதீங்க.

ரெண்டு வார்த்தையை மட்டும் முதல்லயே பேசி வச்சுக்குவோம். 'மீன்'னு சொன்னா எனக்கே குழம்பு ஞாபகம் வருது, அதனால சராசரின்னே சொல்றேன். 'ஸ்டாண்டர்ட் டீவியேஷன்' பத்தாங்கிளாஸ் கணக்குல 'திட்ட விலக்கம்'. எண்கள் சராசரில இருந்து பொதுவா எவ்வளவு தூரம் சிதறியிருக்குன்னு அது சொல்லும். இந்த ரெண்டும் தெரிஞ்சா போதும்.

மாவு பாக்கெட்டுல ஆரம்பிப்போம்

ஒரு கற்பனை உதாரணம். இட்லி மாவு பாக்கெட் போடுற ஒரு சின்ன யூனிட். பாக்கெட் மேல '1 கிலோ'ன்னு அச்சடிச்சிருக்கு. 400 பாக்கெட்டை எடை போட்டுக் குறிச்சு வச்சிருக்காங்க. சராசரி 1005 கிராம், திட்ட விலக்கம் 4 கிராம். நம்ம டேபிள்ல ஒரு பாக்கெட்டுக்கு ஒரு வரி, 'எடை'ன்னு ஒரு காலம். அவ்வளவுதான் டேட்டா.

பவர் பிஐல 'பெல் கர்வ்'னு ஒரு பட்டன் கிடையாது. நாமதான் கட்டணும். நிறைய பேர் எடுத்த உடனே எடை காலத்தை அப்படியே எக்ஸ் அச்சுல போட்டு, சராசரியைக் கணக்குப் போடுற மெஷரையும் அதே சார்ட்டுல போடுவாங்க. அங்கதான் சிக்கல். எக்ஸ் அச்சுல ஒவ்வொரு எடை வரும்போதும் டேக்ஸ் அந்த எடைக்கான வரிகளை மட்டும் வடிகட்டிடும். 1004 கிராம்ங்கிற இடத்துல சராசரி கேட்டா 1004-ன்னே பதில் வரும். எல்லா பாக்கெட்டும் ஒரே எடை ஆயிட்டா சிதறலுக்கு ஏது இடம்? அந்த இடத்துல திட்ட விலக்கம் அர்த்தமில்லாம போயிடும், வளைவும் வராது.

அதனால எக்ஸ் அச்சுக்குத் தனியா ஒரு டேபிள் செய்யணும். மெயின் டேபிளோட எந்த ரிலேஷன்ஷிப்பும் வேண்டாம். சும்மா எண்களோட பட்டியல். டேக்ஸ்ல 'ஜெனரேட் சீரீஸ்'னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. 988-ல ஆரம்பி, 1020-ல முடி, 2 கிராம் தாண்டித் தாண்டிப் போன்னு சொன்னா 17 எண் குடுக்கும். சராசரிக்கு ரெண்டு பக்கமும் 4 திட்ட விலக்கம் தூரம் கவர் ஆயிடுச்சு. அதுக்கு மேல வரைஞ்சா வளைவு தரையோட தரையாத்தான் இருக்கும்.

இப்போ நாலு மெஷர் எழுதணும்.

முதல் மெஷர் சராசரி. 'ஆவரேஜ்' போதும்.

ரெண்டாவது மெஷர் திட்ட விலக்கம். இதுல ரெண்டு வகை இருக்கு. 'எஸ்டிடெவ் டாட் பி', 'எஸ்டிடெவ் டாட் எஸ்'. கையில இருக்கிறதுதான் மொத்த டேட்டாவும்னா பி. பெரிய கூட்டத்துல இருந்து எடுத்த மாதிரின்னா எஸ். யூனிட் தினம் மாவு போட்டுக்கிட்டேதான் இருக்கு, 400 பாக்கெட் அதுல ஒரு மாதிரி. அதனால இங்க எஸ். 400 எண் இருக்கும்போது ரெண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, 8 எண் இருக்கும்போது தெரியும்.

மூணாவது மெஷர் தூண்களுக்கு. 988-ல இருந்து 990-க்குள்ள எத்தனை பாக்கெட், 990-ல இருந்து 992-க்குள்ள எத்தனைன்னு எண்ணணும். தனி டேபிள்ல இருக்கிற எண்ணை எடுத்து, எடை அதுக்குச் சமமாவோ அதிகமாவோ இருக்கணும், அதோட 2 கூட்டினதை விடக் குறைவா இருக்கணும்னு வடிகட்டி 'கவுண்ட் ரோஸ்'.

நாலாவதுதான் வளைவு. ஃபங்ஷன் பேரு 'நார்ம் டாட் டிஸ்ட்'. அதுக்கு நாலு விஷயம் குடுக்கணும்: எந்த இடம், சராசரி எவ்வளவு, திட்ட விலக்கம் எவ்வளவு, கடைசியா ட்ரூவா ஃபால்ஸா. மணி வடிவம் வேணும்னா ஃபால்ஸ். ட்ரூ குடுத்தா அந்த இடம் வரைக்குமான மொத்தப் பங்கு வரும், அதைக் கொஞ்ச நேரத்துல பார்ப்போம்.

'எந்த இடம்'ங்கிறதுல ஒரு நுணுக்கம் இருக்கு. 1004-ன்னு பேர் போட்ட தூண்ல 1004-ல இருந்து 1006 வரைக்கும் உள்ள பாக்கெட்டெல்லாம் நிக்குது. அதோட நடு 1005. அதனால ஃபங்ஷனுக்கு எண்ணோட 1 கூட்டிக் குடுங்க. இல்லன்னா மொத்த வளைவும் அரைத் தூண் அளவுக்கு வலது பக்கம் நகர்ந்து நிக்கும்.

சரி, லைனும் தூணும் சேர்ந்த சார்ட்டை எடுத்து எல்லாத்தையும் போட்டாச்சு. தூண் எல்லாம் கம்பீரமா நிக்குது. வளைவைக் காணோம்! உத்துப் பார்த்தா தரையில படுத்திருக்கு. ஏன்னா நார்ம் டாட் டிஸ்ட் குடுக்கிறது பாக்கெட் எண்ணிக்கை இல்ல, அடர்த்தி. நம்ம உதாரணத்துல அதோட உச்சமே சுமார் 0.1. பக்கத்துல தூணோட உயரம் 80 கிட்ட.

இதுக்கு நெட்டுல கிடைக்கிற பொதுவான யோசனை, 'லைனுக்கு ரெண்டாவது ஒய் அச்சு குடுத்துடுங்க'. குடுத்தா படம் அழகா வரும், ஆனா அந்தப் படம் ஒண்ணையும் நிரூபிக்காது. ரெண்டு அச்சும் தனித்தனியா இழுபட்டா எந்த வளைவையும் எந்தத் தூண் மேலயும் பொருத்திக் காட்டலாம். சரியான வழி என்னன்னா, அடர்த்தியை மொத்தப் பாக்கெட் எண்ணிக்கையால பெருக்கணும், அப்புறம் தூணோட அகலத்தால பெருக்கணும். 0.1 தடவை 400 தடவை 2. பதில் 80. வளைவு எழுந்து தூண் உயரத்துக்கு வந்துடுச்சு. ரெண்டாவது அச்சு ஆன் ஆகியிருந்தா ஆஃப் பண்ணிடுங்க. இப்போ ரெண்டும் ஒரே அளவுகோல்ல நிக்குது. வளைவுக்கும் தூணுக்கும் நடுவுல இடைவெளி தெரிஞ்சா அது நிஜமான இடைவெளி.

டேப்லோ ஆட்களுக்கும் யோசனை இதேதான். அங்க 'விண்டோ ஆவரேஜ்', 'விண்டோ எஸ்டிடெவ்' வச்சு, வளைவோட சூத்திரத்தை கால்குலேட்டட் ஃபீல்டுல நாமளே எழுதணும். அடர்த்தியைப் பெருக்கற விதி அங்கயும் மாறாது.

இன்னொரு விஷயம். இதையெல்லாம் மெஷராத்தான் எழுதணும், கால்குலேட்டட் காலமா எழுதாதீங்க. காலம் டேட்டா ரெஃப்ரெஷ் ஆகும்போது ஒரு தடவை கணக்காகி அப்படியே உறைஞ்சுடும். ஸ்லைசர்ல 'செவ்வாய்க்கிழமை பாக்கெட் மட்டும்'னு அமுக்கினா அதுக்குத் தெரியாது. மெஷர் அமுக்குற ஒவ்வொரு தடவையும் புதுசா கணக்குப் போடும்.

இப்போ அந்த ட்ரூ. இடம் 1000, சராசரி 1005, விலக்கம் 4, கடைசில ட்ரூ. பதில் 0.106 வரும். அதாவது நூறுல சுமார் 11 பாக்கெட் ஒரு கிலோவுக்குக் கம்மி. சராசரி 1005 இருக்கே, தாராளமா போடுறோமேன்னு யூனிட்காரர் நினைச்சிருப்பார். ஆனா பதினோரு வாடிக்கையாளருக்கு எடை குறையுது. இதுக்கு ரெண்டு வழி. இன்னும் மாவு அள்ளிப் போட்டு சராசரியை ஏத்தலாம், தினம் காசு போகும். இல்லன்னா மெஷினைச் சரி பண்ணி விலக்கத்தை 4-ல இருந்து 2-ஆக்கலாம். அப்போ அதே 1005 சராசரில எடை குறையிற பாக்கெட் ஆயிரத்துல 6 ஆயிடும். ஒரு வளைவு வரைஞ்சதுக்கு இது உருப்படியான பலன். நான் இதுக்கு எதிரி இல்லைங்கிறதைப் பதிவு பண்ணிக்கிறேன்.

வளைவுக்குத் தெரிஞ்சது ரெண்டே எண்

இப்போ கொஞ்சம் நின்னு யோசிப்போம். நார்ம் டாட் டிஸ்ட்டுக்கு நாம என்ன குடுத்தோம்? சராசரி, திட்ட விலக்கம். அந்த 400 பாக்கெட்டை அது பார்க்கவே இல்ல. எந்த டேட்டாவைக் குடுத்தாலும் அதுக்கு ஒரு சராசரி இருக்கும், ஒரு விலக்கம் இருக்கும், அதனால ஒரு அழகான மணியும் வரும். சென்னை வாடகையைக் குடுங்க, மணி வரும். யூட்யூப் வியூஸைக் குடுங்க, மணி வரும். 'இந்த டேட்டாவுக்கு நான் பொருந்த மாட்டேன்'னு வளைவு வாயைத் திறந்து சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கிறது நம்ம வேலை.

மாவு பாக்கெட்டுக்கு ஏன் பொருந்துச்சு? மெஷின் வால்வு ஒரு துளி முன்ன பின்ன மூடும், மாவு கொஞ்சம் கெட்டியா இருக்கும், நுரை கொஞ்சம் கூடும், தராசு கொஞ்சம் ஆடும். ஒண்ணோட ஒண்ணு சம்பந்தமில்லாத நிறைய சின்னச் சின்னக் காரணங்கள் கூட்டலா சேரும்போது மணி வடிவம் வரும். இதுக்குப் பின்னாடி இருக்கிற கணக்குதான் மைய எல்லைத் தேற்றம். 19-ஆம் நூற்றாண்டுல பிரான்சிஸ் கால்டன் இதைக் காட்ட ஒரு பலகை செஞ்சார். ஆணி வரிசை வரிசையா அடிச்சிருக்கும், மேல இருந்து சின்னக் குண்டுகளைக் கொட்டுவாங்க. ஒவ்வொரு ஆணிலயும் குண்டு இடது வலதுன்னு தட்டுப்படும். கீழ வந்து குவியும்போது மணி வடிவம். யூட்யூப்ல தேடிப் பாருங்க, பார்த்துக்கிட்டே இருக்கலாம்.

சரி, பொருந்தாத ஒண்ணைப் பார்ப்போம். நம்ம ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்ச சப்போர்ட் டிக்கெட். ஒரு டிக்கெட்டைத் திறந்து மூட எவ்வளவு நேரம் ஆகுது? உதாரணத்துக்கு 600 டிக்கெட், சராசரி 10 மணி நேரம், விலக்கம் 12 மணி நேரம்னு வச்சுக்குவோம். பாதி டிக்கெட் 'பாஸ்வேர்டு மறந்துட்டேன்' ரகம், உடனே முடிஞ்சுடும். சிலது வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரும், திங்கக்கிழமை வரைக்கும் தூங்கும். சிலதுக்கு இன்னொரு டீம் பதில் சொல்லணும்.

இதுக்கு மணி வரைஞ்சு, பூஜ்யத்துக்குக் கீழ எவ்வளவு பங்குன்னு ட்ரூ போட்டுக் கேளுங்க. 20 சதவீதம்னு சொல்லும். அதாவது 600-ல 120 டிக்கெட்டைத் திறக்கிறதுக்கு முன்னாடியே மூடிட்டோம்! அப்படி ஒரு டீம் இருந்தா எனக்கு அட்ரஸ் குடுங்க.

சிரிப்பா இருக்கு, ஆனா இந்த வளைவை வச்சுதான் சில இடத்துல 'சராசரிக்கு மேல ரெண்டு விலக்கம் தாண்டினா சிவப்பு'ன்னு அலர்ட் போடுறாங்க. 10 கூட்டல் 24, மொத்தம் 34 மணி நேரம். வார இறுதில வந்த டிக்கெட்டெல்லாம் சிவப்பாகும். ஒரு மணி நேரத்துல முடிக்க வேண்டிய அவசர டிக்கெட் 30 மணி நேரம் தூங்கினாலும் பச்சையா இருக்கும்.

மூணு சின்னச் சோதனை

வளைவு வரையறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பார்த்துடுங்க. பெரிய ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எதுவும் வேண்டாம்.

ஒண்ணு, சராசரியையும் மீடியனையும் பக்கத்துல பக்கத்துல கார்டா போடுங்க. வரிசைப்படுத்தினா நட்டநடுவுல வர்றதுதான் மீடியன், நம்ம புத்தகத்துல 'இடைநிலை அளவு'. மணி பொருந்துற டேட்டால ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும். டிக்கெட்ல சராசரி 10, மீடியன் 5-ன்னு வந்தா ஒரு பக்கம் வால் நீண்டிருக்குன்னு அர்த்தம். அங்க மீடியனையும், 90 சதவீதம் டிக்கெட் எத்தனை மணி நேரத்துக்குள்ள முடியுதுங்கிற பெர்சன்டைலையும் காட்டினாலே போதும், வளைவு தேவைப்படாது.

ரெண்டு, சராசரிக்கு இந்தப் பக்கம் ஒரு விலக்கம், அந்தப் பக்கம் ஒரு விலக்கம், அதுக்குள்ள நிஜமா எத்தனை சதவீதம் வரி இருக்குன்னு எண்ணுங்க. மணின்னா 68 கிட்ட வரணும். ரெண்டு விலக்கத்துக்குள்ள 95. மூணுக்குள்ள 99.7. டிக்கெட் மாதிரி வால் நீண்ட டேட்டால முதல் எண்ணே 85-க்கு மேல எகிறிடும்.

மூணு, டேட்டாவைப் பிரிச்சுப் பாருங்க. மாவு யூனிட்ல ரெண்டு மெஷின் இருக்கு, ஒண்ணு 1001 கிராம் போடுது, இன்னொண்ணு 1009 போடுதுன்னு வைங்க. சேர்த்துப் பார்த்தா சராசரி 1005. மீடியனும் அங்கதான். முதல் சோதனைல பாஸ். ஆனா தூணைப் பார்த்தா ரெண்டு மேடு, நடுவுல பள்ளம். 1005 எடைல பாக்கெட்டே அபூர்வம். மெஷின் பேரை ஸ்லைசர்ல போட்டாப் போதும், விஷயம் வெளிய வந்துடும். தூண் இல்லாம வளைவை மட்டும் டேஷ்போர்டுல போடாதீங்கன்னு நான் சொல்றது இதுக்காகத்தான்.

நட்சத்திரத்துல இருந்து மனுஷனுக்கு

இப்போ அப்ரைசல் பக்கம் வருவோம். அதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் வரலாறு.

1733-ல ஆப்ரஹாம் டி மாவர் இந்த வளைவைக் காசு சுண்டுற கணக்குக்குக் குறுக்குவழியா கண்டுபிடிச்சார். 1801-ல சீரீஸ்னு ஒரு குறுங்கோளைக் கண்டுபிடிச்சாங்க, கொஞ்ச நாள்ல அது சூரியன் பக்கம் போய்க் கண்ணுல படாம போயிடுச்சு. கையில இருந்த சில அளவுகளை வச்சு அது எங்க திரும்ப வரும்னு கணக்குப் போட்டவர் காஸ். 1809-ல வெளிவந்த புத்தகத்துல, அளவெடுக்கும்போது வர்ற பிழைகள் இந்த மணி வடிவத்துல சிதறும்னு வச்சு அவர் விளக்கினார். யூரோ வர்றதுக்கு முன்னாடி ஜெர்மனியோட 10 மார்க் நோட்டுல காஸ் படமும் இருக்கும், பக்கத்துல இந்த வளைவும் இருக்கும்.

இதுல ஒண்ணைக் கவனிங்க. காஸுக்கு உண்மையான இடம் ஒண்ணுதான், அந்தக் கோள் எங்க இருக்கோ அதுதான். மத்த அளவெல்லாம் அந்த ஒரு உண்மையில இருந்து தப்பிப் போனவை.

அப்புறம் பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் கெட்லே வந்தார். அவரும் வானியல் ஆள்தான். 1835-ல வெளிவந்த புத்தகத்துல 'சராசரி மனிதன்'னு ஒரு கருத்தைக் கொண்டு வந்தார். அப்புறம் ஸ்காட்லாந்து படைவீரர்களோட மார்புச் சுற்றளவை எடுத்து இந்த வளைவோட ஒப்பிட்டார். நட்சத்திர அளவுக்கு இருந்த கணக்கு அப்படியே மனுஷன் மேல வந்து உட்கார்ந்துடுச்சு. நடுவுல இருக்கிறவன் சரியானவன், மத்தவங்க விலகினவங்க. பின்னாடி 'நார்மல்'ங்கிற பேரும் நிலைச்சுடுச்சு. அந்தப் பேரைப் பரப்பினவர்கள்ல முக்கியமானவர் கார்ல் பியர்சன். இப்படிப் பேர் வச்சதால மத்த எல்லாப் பரவலும் ஏதோ கோளாறுன்னு ஜனங்க நினைச்சுடுறாங்கன்னு அவரே பிற்காலத்துல குறைபட்டுக்கிட்டார்.

கம்பெனிகளுக்கு இது வந்ததுல பெரிய பங்கு ஜெனரல் எலக்ட்ரிக்ல 1981-ல இருந்து 2001 வரை தலைமைல இருந்த ஜாக் வெல்ச்சுக்கு. மேல 20 சதவீதம், நடுவுல 70, கீழ 10. கீழ இருக்கிற 10 வெளிய போகணும். மைக்ரோசாஃப்ட்ல இதே மாதிரி ஒண்ணு ரொம்ப வருஷம் இருந்து, 2013 நவம்பர்ல கைவிட்டாங்க. நம்ம ஊர் ஐடிலயும் இதைத்தான் 'பெல் கர்வ் ஃபிட்மென்ட்'னு சொல்வாங்க.

மாவு பாக்கெட்ல டேட்டா இருந்துச்சு, அதுக்கு வளைவு பொருந்துதான்னு பார்த்தோம். இங்க வளைவு முதல்லயே இருக்கு, ஆட்களை அதுக்குள்ள பொருத்துறாங்க.

எட்டு பேர் கணக்கு

சில வருஷம் முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு இடத்துல ஒரு மேனேஜர் வந்து கேட்டாங்க. "ஒரு சின்ன வேலைப்பா. ரேட்டிங் டேஷ்போர்டுல பெல் கர்வ் போட்டுக் குடு. டீம் வாரியா ஸ்லைசர் வேணும். எந்த டீம் கர்வ்ல உட்காரலையோ அது சிவப்பா தெரியணும்." மொத்தம் 40 பேர், 5 டீம், டீமுக்கு 8 பேர். விதி என்னன்னா 10 சதவீதம் பேர் கடைசி ரேட்டிங்ல வரணும். 8-ல 10 சதவீதம் 0.8. அதை முழுசாக்கி, டீமுக்கு ஒருத்தர்.

சிவப்பாகப் போற டீம் எதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். அந்த டீம்ல எட்டு பேரும் நல்லா பண்ணியிருந்தாங்க. ஒருத்தர் கீழ போகணும்னா யார் போவாங்கன்னும் எல்லாருக்கும் தெரியும். வருஷம் பூரா ராத்திரி ஷிப்ட்ல ப்ரொடக்ஷன் சப்போர்ட் பார்த்தவர். ராத்திரி 2 மணிக்கு சர்வர் விழாம பார்த்துக்கிட்டதுக்கு யாரும் டெமோ வைக்க முடியாது, பிபிடி போட முடியாது. அந்த வருஷம் அவர் வீட்டு லோன் வேற போட்டிருந்தார்.

நான் டேஷ்போர்டைக் கட்டினேன். கூடவே ஒரு கார்டு சேர்த்தேன். அதுல இருந்த கணக்கு இதுதான், நீங்க மொபைல் கால்குலேட்டர்லயே போடலாம்.

கம்பெனி சொல்றதை அப்படியே ஏத்துக்குவோம். மொத்தத்துல பத்துல ஒருத்தர் நிஜமாவே சரியா வேலை பார்க்கலைன்னு வச்சுக்குவோம். அந்தக் கூட்டத்துல இருந்து குலுக்கல் முறைல 8 பேரை ஒரு டீமா எடுத்தா, அதுல அப்படி ஒருத்தர்கூட இல்லாம இருக்க எவ்வளவு வாய்ப்பு? 0.9-ஐ எட்டு தடவை பெருக்குங்க. 0.43. நூறு டீம்ல 43 டீம்ல அப்படி ஆளே கிடையாது. சரியா ஒருத்தர் இருக்கிறது 38 டீம். மீதி 19 டீம்ல ரெண்டு பேரோ அதுக்கு மேலயோ இருப்பாங்க.

ஆக, கம்பெனியோட நம்பிக்கை முழுக்க உண்மைன்னே வச்சாலும், 'டீமுக்கு ஒருத்தர்'ங்கிற விதி நூறுல 38 டீமுக்குத்தான் சரி. 43 டீம்ல ஒழுங்கா வேலை பார்த்த ஒருத்தரைக் கீழ தள்ளுது. அதுவும் ஆட்களைக் குலுக்கல்ல எடுத்தாங்கன்னா. நிஜத்துல ரெண்டு மூணு ரவுண்டு இன்டர்வியூ வச்சு வடிகட்டி எடுக்கிறோம். வடிகட்டி எடுத்த கூட்டம் மணி மாதிரி நிக்கணும்னு எந்தத் தேற்றமும் சொல்லலை.

மேனேஜர் அந்தக் கார்டை ரொம்ப நேரம் பார்த்தாங்க. "அப்போ 40 பேரையும் சேர்த்து வச்சா சரியா வருமா?"ன்னு கேட்டாங்க. கொஞ்சம் பரவாயில்ல, ஆனா அங்கயும் சரியா 4 பேர்தான் இருப்பாங்கங்கிறதுக்கு வாய்ப்பு நூறுல 21 தான்னு சொன்னேன். "மேல போய் இதெல்லாம் என்னால சொல்ல முடியாதுப்பா, எனக்கு ஒரு எண்ணு வேணும்"னாங்க. அவங்க நிலைமையும் புரிஞ்சுது. அவங்களுக்கு மேலயும் ஒரு வளைவு இருக்கே.

கடைசில அந்த வருஷம் டீம் வாரியா பார்க்கிறதை விட்டுட்டு 40 பேரையும் சேர்த்துப் பார்த்தாங்க. அஞ்சு பேருக்குப் பதிலா நாலு பேர் கீழ போனாங்க. ராத்திரி ஷிப்ட்காரர் தப்பிச்சார். அந்த நாலு பேரும் கீழ போக வேண்டியவங்கதானான்னு என் டேஷ்போர்டால சொல்ல முடியாது. அடுத்த வருஷம் திரும்ப 'டீமுக்கு ஒருத்தர்' வந்துடுச்சு. கார்டை யாரோ எடுத்துட்டாங்க, வளைவு அப்படியே இருந்துச்சு.

நீங்க என்ன பண்ணலாம்

டேஷ்போர்டு கட்டுறவங்களுக்கு மூணே விஷயம். வளைவு போட்டா கீழ தூணும் போடுங்க, ரெண்டும் ஒரே அச்சுல. எத்தனை வரி டேட்டான்னு மூலைல ஒரு எண்ணு போடுங்க, ஸ்லைசர் அமுக்கினா அதுவும் மாறணும். அந்த எண்ணு 30-க்குக் கீழ இறங்கினா வளைவே மறையிற மாதிரி மெஷர்ல ஒரு 'இஃப்' போட்டு வெறுமையா திருப்பி அனுப்புங்க. 30-ங்கிறது வேதவாக்கு இல்ல, உங்க வேலைக்கு எது சரியோ அதை வச்சுக்கங்க. எட்டு பேர் மேல மணி வரையாம இருந்தாப் போதும்.

அப்ரைசல் ரூம்ல உட்காரப் போறவங்களுக்கு. "கர்வ்ல உன்னை இங்கதான் வைக்க முடிஞ்சுது"ன்னு சொன்னா, கோபப்படாம ரெண்டு கேள்வி கேளுங்க. எத்தனை பேரை வச்சு அந்த கர்வ் போட்டீங்க? கர்வ் இல்லாம என் வேலையை மட்டும் பார்த்திருந்தா என்ன ரேட்டிங் குடுத்திருப்பீங்க? ரெண்டாவது கேள்விக்கு வர்ற பதிலை மெயில்ல எழுதித் தரச் சொல்லுங்க. அந்த வருஷ ரேட்டிங் மாறலாம், மாறாமலும் போகலாம். ஆனா அடுத்த இன்டர்னல் ட்ரான்ஸ்ஃபருக்கு அந்த மெயில் உதவும்.

அடுத்த எபிசோட்ல பெர்சன்டைல் பத்திப் பேசலாம்னு இருக்கேன். நுழைவுத் தேர்வு ரிசல்ட் வர்ற சீசன்ல எல்லார் வீட்டுலயும் அடிபடுற வார்த்தை, ஆனா பாதிப் பேர் சதவீதத்தோட குழப்பிக்கிறாங்க. கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. மாவு பாக்கெட் மெஷரைக் கட்டிப் பார்த்துட்டு எங்கயாவது முட்டிக்கிட்டு நின்னா அதையும் அனுப்புங்க, சேர்ந்து பார்ப்போம்.